ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடாகுமா?

மன்னார்குடிப் பக்கம் சம்பா தூர் கட்டும் நேரம். உரக்கடையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் நானோ யூரியா பாட்டில்; உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021இல் இறக்கிய சரக்கு.

வயலில் வீசும் யூரியாவில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போகிறது; மிச்சத்தில் கொஞ்சம் வடிகாலோடு. நானோ யூரியாவின் துகள் 20 முதல் 50 நானோமீட்டர். இலைத்துளை அதைவிடப் பல மடங்கு பெரிது. தெளித்தால் நேரே உள்ளே போகும் என்பது கணக்கு.

இன்னொரு கணக்கும் போடலாம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! பயிருக்கு வித்தை தெரியாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகச் சோதனையில், யூரியாவைக் குறைத்து நானோ யூரியாவைத் தெளித்த நெல்லில் மகசூல் சரிந்தது.

ஈடோ இல்லையோ, தெளிப்பவர் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். நுண்திவலை நுரையீரல்வரை போகும்.