பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசையா? முதல்ல இதைப் படிங்க!

ஈசிஆரில் விடிகாலையில் ஆக்சிலேட்டரை முறுக்குபவர்களுக்குத் தெரியும்: வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு நிற்கிறதா, மணல் கிடக்கிறதா என்று சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அந்தப் பயம் இல்லை. சுமார் 3.7 கி.மீ. சுற்று, எதிரே வண்டி வராது.

'டிராக் டே' என்பது ரேஸ் அல்ல. கட்டணம் கட்டி, சொந்த பைக்கில், பதினைந்து இருபது நிமிடங்களாகப் பிரித்து ஓட்டும் நாள்.

200 சிசி பைக் போதுமா? தாராளமா! சொல்லப்போனால் வளைவில் ஓட்டக் கற்க சின்ன வண்டிதான் நல்லது. பெரிய வண்டியில் நேர்ப்பாதை வேகம் தப்பையெல்லாம் மறைத்துவிடும். டயர், பிரேக், செயின் சரியாக இருக்கணும். சைடு மிரரைக் கழற்றி, ஹெட்லைட்டில் டேப் ஒட்டச் சொல்வார்கள். விழுந்தால் கண்ணாடிச் சில்லு டிராக்கில் சிதறக் கூடாதே. பின்னால் வருபவரைப் பற்றிக் கவலை வேண்டாம். முந்துபவர்தான் பார்த்துப் போகணும்.

உண்மையான செலவு உடையில்தான். முழுமுக ஹெல்மெட், லெதர் சூட், கிளவுஸ், பூட்ஸ், முதுகுக் கவசம். ஜீன்ஸோடு போனால் கேட்டோடு சரி. சூட் வாடகைக்குக் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து பிட்டுக்குத் திரும்பணும்.

பலர் மறப்பது இன்சூரன்ஸ். சாதாரண மோட்டார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனைக்கெல்லாம் இழப்பீடு கிடையாது. டிராக்கில் விழுந்தால் ரிப்பேர் செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் என்று நினைத்துக்கொண்டே போங்கள். மெடிக்கல் பாலிசியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அதே பைக்கில்தான் வீடு திரும்பணும் என்றால், கடைசி செஷனை விட்டுவிடுவது நல்லது. களைத்த கையோடு பெங்களூரு ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே வரணுமே.