ஆதனவரி ஆட்சேபம்: விலை இறங்கினால் வரி இறங்குமா?

பிரதேச சபையிலிருந்து வரும் மதிப்பீட்டு அறிவித்தலைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுவது எம்மிடையே பலரின் வழக்கம். 'சபையோடு யார் வழக்காடுவது?' என்ற தயக்கம் ஒருபுறம். 'காணி, வீடு விலை இறங்கிவிட்டது, வரி மட்டும் ஏன் இறங்கவில்லை?' என்ற மனக்குறை மறுபுறம். மனக்குறை நியாயமானதே. ஆனால் அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் வெற்றி கிட்டாது.

களுதாவளை, மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபைக்கு உட்பட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, கட்டடங்கள் நிறைந்த பகுதியெனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களிலேயே ஆதனவரி (சோலைவரி என்பதும் இதுவே) அறவிடலாம். எமது ஒழுங்கை அதற்குள் அடங்குகிறதா என்பதை முதலில் களுவாஞ்சிகுடி அலுவலகத்தில் கேட்டறிவோம். பிரதான வீதியோரக் கடைக்கும் வெற்றிலைத் தோட்டத்து வீட்டுக்கும் ஒரே பதில் கிடைக்கும் என்றில்லை.

அடங்குமாயின், வரி விற்பனை விலையில் கணிக்கப்படுவதில்லை. வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதே 'வருடாந்தப் பெறுமதி'. அதன்மீதே சபை தன் வீதத்தை விதிக்கிறது. உதாரணமாக, மாத வாடகை 10,000 ரூபாய் என மதிப்பிட்டால் பெறுமதி 120,000. வீதம் 4 என்று வைத்தால் வரி 4,800. உண்மையில் 8,000 ரூபாய்தான் பெறும் என்று காட்ட முடிந்தால் வரி 3,840. வித்தியாசம் 960 ரூபாய்தானே என்று விட்டுவிடலாகாது. பழைய மதிப்பையே ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்ளச் சட்டம் சபைக்கு இடமளிக்கிறது; இன்று பேசாமலிருந்தால் பல ஆண்டுகள் அதையே கட்ட நேரிடும்.

விற்பனை விலை சரிந்தும் வாடகை சரியாதிருப்பது சாதாரணம். வாங்கப் பணமில்லாதவர்களும் எங்கோ குடியிருக்கத்தானே வேண்டும்!

கனடாவிலுள்ள எமது உறவினருக்கும் இந்த மயக்கம் உண்டு. ரொறன்ரோவில் வீட்டு விலை 2022 பெப்ரவரியில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. ஆனால் ஒன்ராறியோவில் 2025 வரிக்கும் அடிப்படை 2016 ஜனவரி 1 ஆம் திகதிய மதிப்பே. 2022 இன் சரிவைக் காட்டி முறையிட்டவருக்கு அதனால் பயனில்லை. இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கு இன்னும் 1991 ஏப்ரல் 1 ஆம் திகதிய விலைதான் அளவுகோல். எந்த நாளின், எந்த மதிப்பு என்று தெரியாமல் மனு எழுதுவது வீண் வேலை.

ஆகவே எமது மனுவில் வாடகையைப் பற்றியே எழுதுவோம். அயலில் அதே அளவான வீடுகளின் வாடகைப் பற்றுச்சீட்டுகள், அறைகளின் எண்ணிக்கை, கூரையின் நிலை, மாரியில் வெள்ளம் நிற்கும் முற்றம், உவர்ப்பேறிய கிணறு ஆகிய யாவும் வாடகையைக் குறைக்கும் சான்றுகளே, படமும் இணைக்கலாம். சபையின் மதிப்பீட்டுப் புத்தகத்தைப் பார்வையிட்டு, ஒத்த வீட்டுக்கு என்ன பெறுமதி இடப்பட்டுள்ளது என்று குறித்துக்கொள்வது மிகப் பலமான சான்று. வீதத்தைப் பற்றி முறையிடுவது வேறு விடயம், அது சபை உறுப்பினரிடம் பேச வேண்டியது.

அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்பமிட்ட பிரதியொன்றைப் பெறுவோம். மனு கொடுத்தோம் என்று வரியை நிறுத்துவது புத்தியன்று. நிலுவைக்காகப் பொருட்களைக் கைப்பற்றும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31 க்குள் செலுத்துவோருக்குச் சபைகள் வழமையாக 10 வீதக் கழிவு தருகின்றன.