கணினி விளையாட்டும் ஓட்டிசம் உள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளும்

"டொக்டர், பிள்ளைக்கு ஓட்டிசம் எண்டு சொல்லிப் போட்டினம். எந்த நேரமும் கேம்தான். நிப்பாட்டச் சொன்னால் கதவை உதைக்கிறான். கேமாலதானே இந்த வருத்தம் வந்தது?" இக்காஸ்டில் வாழும் எமது பெற்றோர் சிலர் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடையை இம்முறை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

கேமால் ஓட்டிசம் வருவதில்லை. இது மூளை வளர்ச்சியில் சிறு வயதிலிருந்தே உள்ள ஒரு வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் லியோ கனர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் இதனை விபரித்தபோது வீடுகளில் கணினி விளையாட்டே இருக்கவில்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்குண்டு. பெற்றோரின் வளர்ப்பு இதற்குக் காரணம் அல்ல.

ஏன் இவ்வளவு விருப்பம்?

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் களைப்பைத் தரும் இடம். மற்றவரின் முகபாவத்தையும் கேலியையும் ஓயாமல் ஊகிக்க வேண்டும். எமது கலைவிழா மண்டபத்தின் ஒலிபெருக்கிச் சத்தம்கூடச் சிலருக்குத் தாங்க முடியாத வேதனை. விளையாட்டில் விதிகள் தெளிவாக உள்ளன. பிழைத்தால் திரும்பத் தொடங்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசும்படி யாரும் கேட்பதில்லை. சிலருக்கு நண்பர்கள் கிடைப்பதும் அங்கேதான்.

அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசுரெக், எங்கல்ஹார்ட் ஆகியோர் 8 முதல் 18 வயது வரையான 141 சிறுவர்களை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். ஓட்டிசம் உள்ள சிறுவர் நாளொன்றுக்குச் சராசரி 2.1 மணித்தியாலமும், இவ்வகைக் குறைபாடு எதுவும் இல்லாத சிறுவர் 1.2 மணித்தியாலமும் விளையாடினர். அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், விளையாட்டை விட முடியாத நிலையில் இருந்த சிறுவரிடமே எதிர்த்து நிற்கும் குணம் கூடுதலாகக் காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை இவ்வகை ஆய்வுகள் சொல்லமாட்டா. வன்முறை விளையாட்டு ஓட்டிசம் உள்ளவரை மற்றவரைவிடக் கூடுதலாக மூர்க்கராக்குகிறதா என்று இளம் வயதினரிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கோபம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நிறுத்தும் கணத்தில்தான். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென மாறுவது இப்பிள்ளைகளுக்கு மிகக் கடினம். இணையத்தில் குழுவாக ஆடும் ஆட்டத்தை இடையில் நிறுத்தவும் முடியாது.

ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றி ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஒரு தந்தை கோபத்தில் வைஃபை பெட்டியைக் கழற்றிக் காருக்குள் பூட்டி வைத்தார். அன்றிரவு மகன் தாயைத் தள்ளிவிட்டான். மணிக்கட்டு முறிந்தது. "படியில் விழுந்துவிட்டேன்" என்றார் தாய் வைத்தியசாலையில். உண்மை எமக்குத் தெரியவர மூன்று மாதங்கள் சென்றன. அவ்வளவு நாளும் அந்த வீட்டில் எல்லோரும் பயத்துடன் இருந்தனர். மகனும் பயந்துபோய்த்தான் இருந்தான். பின்னர் தந்தை மகனுக்குப் பக்கத்தில் இருந்து ஆட்டத்தைப் பார்த்தார். ஒரு சுற்று முடிய நாற்பது நிமிடம் செல்லும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளை எதை விளையாடுகிறார் என்று பாருங்கள். பெட்டியிலுள்ள பெகி அடையாளம் 3, 7, 12, 16, 18 என வயதைக் காட்டும்.

2. "இப்பவே நிப்பாட்டு" என்பதற்குப் பதிலாக "இந்தச் சுற்றோடு முடி" என்று முன்கூட்டியே பேசி, எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

3. நித்திரையைக் காப்பாற்றுங்கள். இரவில் திரையும் தொலைபேசியும் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். நித்திரை குறைந்தால் மறுநாள் கோபம் கூடும்.

4. தாயும் தந்தையும் ஒரே விதியைச் சொல்லுங்கள். இரவு வேலைக்குப் போகும் தந்தைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

5. விளையாட்டைக் குறைப்பதானால் அந்த இடத்தில் பிள்ளைக்குப் பிடித்த வேறொன்றை வையுங்கள்.

6. கோபம் பொங்கும்போது புத்தி சொல்லாதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள். சின்னப் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். பேச்சு மறுநாளைக்கு.

வைத்தியரிடம் எப்போது?

நடத்தை திடீரென மாறினால் கேமை மட்டும் குற்றஞ்சாட்ட வேண்டாம். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்றவற்றைச் சில பிள்ளைகள் வாயால் சொல்லமாட்டார்கள். வலிப்பு நோய் பதின்ம வயதிலும் தொடங்கலாம். பள்ளியில் கேலிவதை, மனச்சோர்வு, பதற்றம் ஆகியனவும் இப்படியே வெளிப்படும். பள்ளி செல்ல மறுத்தல், சாப்பாடு குறைதல், அடித்தல் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். சாக வேண்டும் என்று பிள்ளை பேசினால் அன்றே தொடர்பு கொள்ளுங்கள். உயிராபத்து என்றால் உடனே 112.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விளையாட்டு அடிமைநிலையும் அதில் ஒரு நோய். ஆயினும் மணித்தியாலத்தை மட்டும் எண்ணி அதனைத் தீர்மானிப்பதில்லை. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாதல், கெடுதி தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, வாழ்க்கை வெகுவாகப் பாதிக்கப்பட்டு, வழக்கமாக 12 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும்.

உதவி கேட்பது அவமானம் அல்ல

பள்ளி மூலம் பிபிஆர் எனப்படும் கல்வி உளவியல் ஆலோசனைப் பிரிவை அணுகலாம். 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள 'பார்னெட்ஸ் லோ' என்ற பிள்ளைகள் சட்டத்தின்கீழ் குடும்பத்துக்கான உதவியை இக்காஸ்ட்-பிராண்டே கொம்யூனிடம் கேட்கலாம். அங்கு மொழிபெயர்க்க மூத்த பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள். தம்பியைப் பற்றி அக்கா சொல்லக் கூசும் விடயங்கள்தான் அங்கு முக்கியமானவை.

இதே டென்மார்க்கில் ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான தோர்கில் சொன்ன என்பவர் 2004இல் 'ஸ்பெஷலிஸ்டர்ன' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சின்னப் பிழையையும் தவறவிடாத ஓட்டிசம் உள்ளவர்களின் கவனத்தை அது கணினித் துறையில் வேலையாக்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி அமையும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் விருப்பத்தை அறிந்தவரால்தான் அவருக்கு வழிகாட்ட முடியும்.

"சனம் என்ன சொல்லும்" என்று நாம் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி பிந்துகிறது. இன்று மாலை அறைக்கதவைத் தட்டி, "என்ன விளையாடுறாய், எனக்கும் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.