மின்சாரமும் தொலைபேசியும்: நடுவரின் கை எவ்வளவு நீளும்?



மின் கட்டணம் உயர்ந்தால் அரசைக் குறை கூறுகிறோம். தொலைபேசிக் கட்டணம் உயர்ந்தால் நிறுவனத்தைக் குறை கூறுகிறோம். இவ்விரு தரப்பாருக்கும் நமக்கும் இடையே, சட்டத்தால் அமர்த்தப்பட்ட நடுவர் ஒருவர் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒழுங்குமுறை ஆணையமே அந்நடுவர். அதன் அதிகாரம் எதுவரை செல்லும், அரசு அதனை எங்கே தடுத்து நிறுத்தலாம் என்பதை அறிந்து வைத்திருப்பது ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன் தரும்.

ஏன் ஒரு நடுவர்?

ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்புத் தந்ததும், விலை வைத்ததும், விதி வகுத்ததும் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையே. 1990களில் தனியார் நிறுவனங்களும் களத்தில் இறங்கின. போட்டியாளருள் ஒருவரே நடுவராகவும் இருப்பது முறையாகுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக 1997-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், அமைக்கப்பட்டது. மின்சாரத் துறைக்கு 1998-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1999-இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உருவாயிற்று. இன்று அதன் அதிகாரங்களுக்கு அடிப்படையாக விளங்குவது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம்.

இதனால் விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். செல்பேசி வந்த புதிதில், வருகின்ற அழைப்பை எடுப்பதற்கும் நாமே காசு கொடுத்தோம். வளைகுடாவில் உழைக்கும் மகன் பேசினாலும், கேட்கின்ற தாய்க்குச் செலவு. நிறுவனங்கள் தமக்குள் பகிர வேண்டிய கட்டணத்தை டிராய் முறைப்படுத்திய பின்னர், 2003 மே மாதம் முதல் அந்தச் சுமை நீங்கிற்று.

அதிகாரமும் கட்டுப்பாடும்

எனினும் நடுவரின் கைகள் முழுமையாக அவிழ்த்துவிடப்பட்டவை அல்ல. உரிமம் வழங்கும் விஷயத்தில் அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் டிராய்க்கு இல்லை என்று 1998-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறிற்று. 2000-இல் சட்டமே திருத்தப்பட்டது. பழைய ஆணையம் கலைக்கப்பட்டுப் புதிய ஆணையம் அமைந்தது. வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பு தனித் தீர்ப்பாயத்திற்குச் சென்றது. கட்டணம் நிர்ணயிப்பது டிராயின் அதிகாரம். உரிமம் குறித்து அது சொல்வதோ பரிந்துரை மட்டுமே.

அரசின் கொள்கை ஆணைகளைப் பற்றி இரு சட்டங்களும் பேசுகின்றன. டிராய் அவற்றிற்குக் 'கட்டுப்பட' வேண்டும் என்கிறது ஒன்று. மாநில மின்சார ஆணையம் அவற்றால் 'வழிநடத்தப்பட' வேண்டும் என்கிறது மற்றொன்று. ஒரு சொல் மாறினால் பொருளும் மாறுகிறது. கட்டணம் நிர்ணயிக்கும் கடமையில் அரசின் கடிதம் ஆணையத்தின் கையைக் கட்டிவிடாது என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கருத்துரைத்துள்ளது.

பதவி முடிந்த பின் கிடைக்கக்கூடிய பதவியும் நடுநிலையைச் சோதிக்கும். டிராய் தலைவராக இருந்தவர் பின்னர் அரசுப் பணி ஏற்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்தது. 2014-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பதவி விட்ட இரண்டாண்டுக்குள்ளேயும் மத்திய அரசின் முன் இசைவு பெற்றால் ஏற்கலாம் என்றாயிற்று. அவ்வாண்டிலேயே முன்னாள் தலைவர் ஒருவர் பிரதமரின் முதன்மைச் செயலாளரானார்.

மௌனத்தின் விலை

நடுவர் பேசாதிருந்தால் என்ன நேரும்? நம் மாநிலத்தையே பாருங்கள். 2003-இல் மின் கட்டண ஆணை வெளிவந்தது. அடுத்த ஆணை 2010-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எரிபொருள் விலையும் செலவும் ஏறிக்கொண்டே இருந்தன. கட்டணம் ஏறாதது மக்களுக்கு நன்மையாகவே தோன்றிற்று. ஆனால் ஈடு செய்யப்படாத செலவு மறைந்துவிடவில்லை; கடனாகவும் வட்டியாகவும் வளர்ந்தது. 2012-இல் பெரும் உயர்வாக அது நம் வாயிலுக்கு வந்து நின்றது.

விலையைக் குறைத்துத் தர அரசுக்கு உரிமை இல்லையா? உண்டு. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. சலுகை வழங்க விரும்பும் அரசு, அதற்குரிய மானியத்தை முன்னதாகவே செலுத்த வேண்டும். தவறினால் ஆணையம் நிர்ணயித்த கட்டணமே செல்லும். சலுகையை அறிவிப்பவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

மின் நிறுவனம் உரிய காலத்தில் மனுச் செய்யாவிடில், ஆணையம் தானே முன்வந்து நடவடிக்கை தொடங்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் கட்டளையிட்டது. அதன் பின்னரும் தமிழகத்தில் 2014 இறுதியில் உயர்ந்த வீட்டுக் கட்டணம், 2022 செப்டம்பரில்தான் மீண்டும் உயர்த்தப்பட்டது. சட்டத்தில் அதிகாரம் இருப்பது வேறு. அதைப் பயன்படுத்தும் துணிவு இருப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை

கட்டண மனு வந்தால் அதனைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். நம் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பின்னரே ஆணை பிறப்பிக்க வேண்டும். இது சட்டம். தமிழக ஆணையம் பொது விசாரணைகளையும் நடத்துகிறது. தொழிற்சங்கங்களும் ஆலை உரிமையாளர்களும் அங்கே வாதாடுகின்றனர். அடுப்பங்கரைச் செலவைக் கணக்கிடும் இல்லத்தரசியின் குரலுக்கும் அங்கே இடமுண்டு. எழுதி அனுப்ப ஒரு தாளும் சிறிது நேரமும் போதும்.

மின் கணக்கில் பிழை இருந்தால், முதலில் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தாருங்கள். தீராவிடில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அதன்பின் மின் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். தனிமனிதர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. நிறுவனத்தின் புகார் மையத்திலும், அடுத்து அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் முறையிட வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.

நடுவரின் சுதந்திரத்தைச் சட்டம் ஓரளவே காக்கும். தன்னைக் கேள்வி கேட்க மக்கள் இருக்கிறார்கள் என்று அறிந்த நடுவர்தான் அரசிடமும் நிறுவனத்திடமும் நிமிர்ந்து பேசுவார். அடுத்த கட்டண மனு பற்றிய அறிவிப்பைக் காணும்போது, பக்கத்தைப் புரட்டிவிடாமல் படியுங்கள். அது உங்கள் கருத்தைக் கேட்டே வெளியிடப்படுகிறது.