ஒன்பது பென்னிச் சந்தோஷம்

சார்லி சாப்ளினைத் திரையில் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்காத வீடு உண்டா? தொளதொளத்த கால்சட்டை, குட்டி மீசை, கையில் பிரம்பு, வாத்து நடை! ஆனால் அந்த மனிதரின் பிள்ளைப் பிராயத்தைக் கேட்டால் சிரிப்பு வராது.

1889-ல் லண்டனில் பிறந்தவர். தாய் ஹன்னா, தகப்பனார் இருவருமே மேடைப் பாடகர்கள். தகப்பனார் குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தை விட்டு விலகினார். ஹன்னாவுக்குக் குரல் போயிற்று, பிழைப்பும் போயிற்று. தையல் வேலை செய்து சிட்னி, சார்லி என்ற இரு பிள்ளைகளையும் காப்பாற்றப் பார்த்தாள். முடியவில்லை. சார்லிக்கு ஏழு வயதில் மூவரும் லாம்பெத் ஏழை விடுதியில் போய்ச் சேர்ந்தார்கள். நம் ஊர்ச் சத்திரம் போல என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். உடுத்தி வந்த துணியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு, விடுதித் துணியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, 1898 ஆகஸ்டில் ஒரு நாள். மறுபடியும் விடுதியிலிருந்த ஹன்னா, "நாங்கள் வெளியேறுகிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுடன் வாசலைத் தாண்டினாள். போக இடம்? ஏது! நேரே கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார்கள். சிட்னி கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தது ஒன்பது பென்னி. அதில் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். பழைய செய்தித்தாளைப் பந்தாகச் சுருட்டி விளையாடினார்கள். கொஞ்சம் மீன், கேக், தேநீர். சாயங்காலம் மூவரும் விடுதிக்கே திரும்பிவிட்டார்கள்! ஒரு நாள் பிள்ளைகளோடு இருக்க அந்தத் தாய் கண்ட தந்திரம் அது. விடுதி அதிகாரிகளுக்கு ஒரே கோபம்.

ஹன்னாவின் சித்தம் அடிக்கடி கலங்கியது. 1903-ல், பதினாலு வயது சார்லி வீடு திரும்பியபோது, தெருக் குழந்தைகள் ஓடி வந்து, "உங்கம்மாவுக்குப் பைத்தியம்" என்றார்களாம். வீடு வீடாய்க் கரித்துண்டுகளைக் கொடுத்துப் பிறந்த நாள் பரிசு என்றிருக்கிறாள். அண்ணன் ஊரில் இல்லை. பிள்ளையே தாயை நடத்தி அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் விட்டான். அன்று ஒரு வாய் தேநீர் கிடைத்திருந்தால் தனக்கு ஒன்றும் ஆகியிராது என்று பிற்பாடு அவள் மகனிடம் சொன்னாள். அந்தச் சொல் ஆயுசுக்கும் அவரை விடவில்லை. புகழும் பணமும் வந்தபின், 1921-ல் தாயைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்துக் கடலோரத்தில் வீடு அமைத்துக் கொடுத்தார். 1928-ல் அவள் கண் மூடினாள்.

பணம் வந்தது, குடும்பம் வந்ததா? மூன்று விவாகம், மூன்றும் முறிந்தன. முதல் இருவரும் பதினாறு வயதுப் பெண்கள். அவர்களுக்கு அவர் நல்ல கணவராக இருக்கவில்லை. பிள்ளைப் பிராயத்துக் கஷ்டத்தைச் சொல்லி இதை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

1943 ஜூனில் நான்காவது விவாகம். மணமகள் ஊனா. அவளுக்கு 18, அவருக்கு 54! உலகமே வாயில் விரல் வைத்தது. ஊனாவின் தகப்பனார் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க நாடகாசிரியர் யூஜீன் ஓநீல். மாப்பிள்ளையைவிட மாமனார் ஆறே மாதம் மூத்தவர். கோபம் வராதா? "எனக்கு மகளே இல்லை" என்று தலை முழுகிவிட்டார். ஆனால் ஊனாவுக்கு மூன்று வயது நிரம்புமுன்பே குடும்பத்தைவிட்டுப் போனவரும் அவர்தான். தகப்பன் இருந்தும் இல்லாமல் வளர்ந்த இருவர்! இந்த ஜோடியை ஊரார் ஆறு மாதம் தாங்காது என்றார்கள். முப்பத்து நாலு வருஷம் தாங்கியது.

சோதனை வராமலில்லை. 1952-ல் குடும்பத்துடன் அவர் லண்டனுக்குக் கப்பலேறியதும், திரும்பி வர அனுமதியில்லை என்று அமெரிக்க அரசாங்கம் கதவை அடைத்தது. ஊனா தனியாக அமெரிக்கா போய், சொத்துக்களைத் திரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஸ்விட்ஸர்லாந்தில் வெவே என்ற ஏரிக்கரை ஊருக்கருகே பெரிய பங்களா வாங்கிக் குடியேறினார்கள். அமெரிக்கப் பிரஜா உரிமையையும் அவள் துறந்துவிட்டாள்.

மொத்தம் எட்டுக் குழந்தைகள். கடைக்குட்டி 1962-ல் பிறந்தபோது தகப்பனாருக்கு வயது 73. கண்டிப்பான அப்பாதான், மூத்த பிள்ளைகள் சிலர் முரண்டு பிடித்ததும் உண்டு. ஆனாலும் ஏழை விடுதியில் தாயைப் பிரிந்து அழுத சிறுவனுக்கு, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அத்தனை தலைகள்!

1977 கிறிஸ்துமஸ் தினத்தில் அவர் காலமானார். ஊனாவுக்கு அப்போது 52 வயது. தனிமை அவளை வெகுவாக வாட்டியது. 1991-ல் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே. 1953 ஆகஸ்டில் பிறந்த ஐந்தாவது குழந்தை ஆண். அவனுக்கு ஊனா வைத்த பெயர் யூஜீன். பெயருக்குரிய தாத்தா மூன்று மாதம் கழித்து, பேரனைக் கண்ணால் பார்க்காமலே இறந்துபோனார்.