மயங்கிய நொடியில் இதயம் என்ன செய்தது?

மயங்கி விழுகிறார் என்று அழைத்துவரப்படுபவரின் ஃபைலில் எல்லாமே நார்மலாக இருக்கும். ஈ.சி.ஜி., எக்கோ, தலை ஸ்கேன், துடிப்பைப் பதிவுசெய்யும் 24 மணி நேர ஹோல்டர் எதிலும் குறையில்லை. ஹோல்டர் மாட்டியிருந்த அன்று அவர் மயங்கவில்லையே! சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் மயக்கம் ஒரே நாளில் எப்படிச் சிக்கும்? பேஸ்மேக்கர் கிளினிக்கில் டெக்னீஷியனாக இருக்கும் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

இந்த மயக்கத்தில் பெரும்பாலும் இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. வெகுநேரம் நிற்பது, கடும் வலி, ஊசியைப் பார்ப்பது என ஏதோ ஒன்று தூண்டிவிட, வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்கிறது. கூடவே ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சரிகிறார், படுத்ததும் தெளிகிறார். கண் இருட்டும்போதே படுத்துவிடுவது, நிறையத் தண்ணீர் குடிப்பது போன்றவையே பலருக்குப் போதும்.

முன்னறிகுறியே இல்லாமல் விழுந்து அடிபடுகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இடது மார்பில் தோலுக்கடியில் லூப் ரெக்கார்டர் வைப்பார்கள். சுண்டுவிரலைவிடச் சிறிய கருவி. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சில நிமிடங்களில் வைத்துவிடலாம். மூன்று வருடம்போல வேலை செய்யும். துடிப்பு நின்றால் தானாகவே பதிவாகும். மயக்கம் வந்தவுடன் வீட்டார் அதற்கான கைக்கருவியின் பட்டனை அழுத்தினால் முந்தைய சில நிமிடங்களும் சேமிக்கப்படும்.

“தண்ணி குடுக்கிற பதட்டத்துல பட்டனை மறந்துட்டேன் மேடம்” என்று ஓர் அம்மா அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பட்டன் முக்கியம். ஒருவர் மயங்கிக் கிடந்தபோது இதயம் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தால், அவருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படாது. வேறு சிலரின் பதிவில் கோடுகள் விலகி விலகிப் போய், பல வினாடிகளுக்கு வெறும் நேர்கோடாக ஓடும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தப் பதிவு பெரிதும் உதவும்.

இப்படித் துடிப்பு நிற்பது பதிவானவர்களுக்குப் பேஸ்மேக்கர் உதவும் என்பதை 2012-இல் வெளியான இஷ்யூ-3 ஆய்வு காட்டியது. 40 வயதைக் கடந்த, லூப் ரெக்கார்டரில் நீண்ட இடைநிறுத்தம் பதிவான 77 பேருக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆனால் ஒரு பாதிப் பேருக்கு அதை இயக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளில் இயக்காதவர்களில் 57 சதவீதத்தினர் மீண்டும் மயங்கினார்கள். இயக்கியவர்களில் 25 சதவீதத்தினர். இப்படிப் பதிவு பார்க்காமல் பேஸ்மேக்கர் வைத்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை. பதிவைப் பார்க்காமல் பேஸ்மேக்கருக்கு அவசரப்படக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த 25 சதவீதம் ஏன்? பேஸ்மேக்கர் துடிப்பைத்தான் காப்பாற்றும். தளர்ந்த ரத்தக்குழாயை இறுக்காது. அதனால் வைத்த பிறகும் மயக்கம் வந்தால் “மெஷின் கெட்டுப்போச்சு” என்று முடிவுகட்டாதீர்கள். தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதிக்கொண்டு செக்கப்புக்கு அழைத்து வாருங்கள். கருவியின் நினைவில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கினாலோ, மயங்கியவரின் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, அன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள்.