காற்றுத் துப்பாக்கியின் குறி

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் பெற்ற காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் தூரம் 10 மீட்டர்தான் என்பதும், அந்த இலக்கின் நடுவே பத்துப் புள்ளிகளுக்குரிய வட்டம் அரை மில்லிமீட்டர் குறுக்களவே கொண்டது என்பதும் நம்மில் பலர் அறியாத விஷயங்களாக இருக்கலாம். அத்தனை நுட்பமான துப்பாக்கியே 50 மீட்டர் தூரத்தில் தடுமாறுவதேன்?

வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும் சுமார் அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, 10 மீட்டரைக் கடப்பதற்குள் பூமியின் ஆகர்ஷண சக்தியால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டரே தாழ்கிறது. ஆனால் தூரம் ஐந்து மடங்காகும்போது, காற்றின் தடையால் வேகமும் குன்றிவிடுவதால், தாழ்வு 25 மடங்குக்கும் மேலாகி அரை மீட்டரைத் தாண்டிவிடுகிறது. இந்தத் தாழ்வையாவது கணக்கிட்டுக் குறியை உயர்த்திச் சரிசெய்துவிடலாம். கன்னத்தைத் தீண்டியும் தீண்டாமலும் செல்லும் இளங்காற்று குண்டைப் பக்கவாட்டில் ஒதுக்குவதைத்தான் எளிதில் கணிக்க இயலாது.

ஆகையால் துப்பாக்கியின் தகுதியைப் பரீட்சிக்க விரும்புவோர், காற்றடங்கிய வேளையில், தக்க பாதுகாப்புள்ள பயிற்சித் திடலில், துப்பாக்கியை மணல் மூட்டையின் மீது அசையாது கிடத்தி, ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து அல்லது பத்து குண்டுகளைச் சுட்டு, மிகவும் விலகிய இரு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கிறார்கள். துளைகள் யாவும் ஒன்றாய்க் குவிந்து நடுப்புள்ளியை விட்டு விலகியிருந்தால் கவலையில்லை, குறிகாட்டியைத் திருத்தினால் போதும். அவை சிதறிக் கிடந்தால்தான் குண்டின் தரத்தையும் குழலின் நிலையையும், ஏன், சுட்டவரின் நிதானத்தையுமே ஆராய வேண்டியிருக்கும்.